கோடு வரை தண்ணீர்

கீழமருதவாசலில் மருந்தடிக்கிற ஆள் என்றால் அது வீரையன்தான். முப்பத்தாறு வருடமாக முதுகில் டேங்க் சுமக்கிறார். பருத்திக்கு எவ்வளவு, நெல்லுக்கு எவ்வளவு, உளுந்துக்கு எவ்வளவு என்று மருந்துக் கடைக்காரரே அவரைக் கேட்டுக்கொண்டுதான் விவசாயிக்குச் சொல்வார். மருந்தை மூடியில் அளந்து ஊற்றுவார். அதற்குப் பிறகு டேங்கின் பக்கத்தில் போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றுவார். கோட்டுக்கு ஒரு விரல் மேலே போகாது, ஒரு விரல் கீழேயும் நிற்காது. பட்டம் வாங்கியவர்கள்கூட அவ்வளவு சுத்தமாக அளப்பார்களா என்பது சந்தேகம்.

முகமூடி, கையுறை என்று இப்போது ஏதேதோ சொல்கிறார்கள். வீரையன் காலத்தில் ஒரு துண்டுதான். அதை மூக்கில் கட்டிக்கொண்டு அடித்து அடித்தே மூக்கு பாதி செத்துப்போனது. குழம்பு தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. மனைவி அம்சம் இதைச் சொல்லியே இவரைக் கிண்டல் செய்வார். அம்சம் சாதாரண ஆள் இல்லை. இருபத்திரண்டு நடவுப் பெண்களுக்குக் கொத்துத் தலைவி; வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அத்தனை பேரும் இறங்குவார்கள். பண்ணையாட்களாக இருந்த இரண்டு குடும்பத்திலிருந்து வந்து, ஒரே மகள் எழில்மொழியை ஆசிரியையாக்கி, கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்தவர்கள்.

அளவு தப்பாத வீரையன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அளவு தப்பினார். அது அம்சத்தின் உயிர் விஷயமாகப் போய்விட்டது.

தை அறுவடை முடிந்த கையோடு அம்சத்தின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை, அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சித்திரைக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போனபோது குளித்துவிட்டுப் புடவை கட்டுகையில் எழில்மொழி பார்த்துவிட்டாள். மறுநாளே கும்பகோணத்தில் ஒரு லேபில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று என்று வந்தது. ஊருக்குப் பக்கத்து டவுனில் தெரிந்த சர்ஜன் ஒருவர் இருந்தார். மார்பை எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

வீரையன் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. கோயில் திருவிழாவில் பந்தக்கால் நடக் கூப்பிட்டால் வருவார், கடப்பாரையை வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் இந்தச் செய்தி கேட்ட அன்று நேராகக் காளியம்மன் கோயிலுக்குப் போய், வைகாசித் தீமிதியில் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார். மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார்கள். காப்புக்காரர்களுக்குச் சட்டதிட்டம் நிறைய. கவிச்சி கூடாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, தீட்டான எதையும் தொடக் கூடாது. கடைசி வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் இறங்குகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது.

ஆபரேஷனுக்கு டாக்டர் கொடுத்த நாள் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை.

மத்தியானம் மூன்றரை மணிக்கு நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து வீரையன் கையில் கொடுத்தார். பெயிண்ட் டப்பா அளவு. வெளியே மருந்து நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போட்டு, பெயர் எழுதியிருந்தது.

"சதை கெடாம இருக்க ஃபார்மலின் ஊத்தியிருக்குங்க. இன்னைக்கே தஞ்சாவூர் லேபுல குடுத்துடுங்க. இந்தாங்க சீட்டு."

எழில்மொழி மயக்கம் தெளியாத அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். "நீங்க கெளம்புங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். வீரையன் டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தஞ்சாவூருக்குப் போக இரண்டேகால் மணி நேரம். போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினால் எல்லைக்குள் கால் வைக்க ஒன்பது மணி ஆகிவிடும். காப்பு முறிந்துவிடும். யாருக்காகக் கட்டிய காப்போ அவளுக்காகவே அது முறிந்தால் என்ன ஆகும்?

வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஊரில் ஆளா இல்லை? ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பது? என் பெண்டாட்டியின் மார்பு இதில் இருக்கிறது, கொஞ்சம் கொண்டுபோய்க் கொடு என்றா? அதைச் சொல்ல வாய் வரவில்லை. தஞ்சாவூர் பஸ் ஒரு பக்கம் உறுமிக்கொண்டு நின்றது, ஊர் பஸ் இன்னொரு பக்கம் நின்றது. வீரையன் ஊர் பஸ்ஸில் ஏறினார்.

அறுத்த சதையை ஊருக்குள் கொண்டுபோக முடியாது. எல்லைக்கு வெளியே பம்புசெட் கொட்டகை ஒன்று இருந்தது. மருந்துச் சாமான் வைக்க அதன் சாவி இவரிடம் இருந்தது. தகரக் கூரை. மருந்து டப்பாக்களுக்கு நடுவே அந்த டப்பாவையும் வைத்துப் பூட்டிவிட்டு, மோட்டாரில் தலை முழுகி, பொழுது சாய்வதற்குள் கோயிலில் போய் நின்றார்.

சனிக்கிழமை முழுக்க வெயில் கொளுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம். அன்று சாயங்காலம் வீரையன் நெருப்பில் இறங்கினார். நடக்கும்போது அம்சம் பெயரைத்தான் சொன்னார், அம்மன் பெயரைச் சொல்லவில்லை. இடது காலில் ஒரு கொப்புளம் கிளம்பியது. ஊரே அவரைத் தூக்கிக் கொண்டாடியது.

திங்கட்கிழமை விடிந்ததும் காப்பை அவிழ்த்துவிட்டுக் கொட்டகையைத் திறந்தார். மூடி சரியாக அழுந்தவில்லை போலிருக்கிறது. டப்பா லேசாகச் சாய்ந்து, பாதி மருந்து கசிந்து தரையில் காய்ந்திருந்தது. உள்ளே மேல்பாதி நனையாமல் கிடந்தது. வீரையன் அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார், ஆனால் பார்த்துவிட்டார். நெடி கண்ணைக் கரித்தது. பாதி செத்த மூக்குக்கே இவ்வளவு நெடி ஏறுகிறதென்றால் மருந்து எவ்வளவு வீரியமாக இருக்கும்! வீரியமான மருந்து தண்ணீர் தாங்கும்; அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். மோட்டாரைப் போட்டு, குழாயில் வந்த தண்ணீரைப் பிடித்து, டப்பாவின் கோடு வரைக்கும் ஊற்றினார். ஒரு விரல் மேலே போகவில்லை, ஒரு விரல் கீழேயும் நிற்கவில்லை. மூடியை இறுக்கித் துடைத்து, பதினொரு மணிக்குத் தஞ்சாவூர் லேபில் கொடுத்தார். அவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் தஞ்சாவூரில் புற்றுநோய் டாக்டர் நூர்ஜஹானைப் பார்க்கப் போனார்கள். நாற்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுகிற பெண்மணி. காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஹார்மோன் ரிசப்டார் டெஸ்ட் வந்திருக்கு. ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-டூவும் நெகட்டிவ்."

கொரோனா காலத்தில் நெகட்டிவ் என்று வந்தால் தெருவே மூச்சு விட்டது. வீரையனும் இப்போது அப்படித்தான் மூச்சு விட்டார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"சந்தோஷப்படாதீங்கய்யா. இதுல நெகட்டிவ்னா நமக்கு ஒரு வழி அடைச்சுப்போச்சுன்னு அர்த்தம். சில புத்துக்குப் பெண் ஹார்மோன்தான் தீனி. அந்தத் தீனிய வாங்கிக்க அதோட செல்லுல வாசல் இருக்கும். அதுதான் ரிசப்டார். வாசல் இருந்தா மாத்திரை குடுத்து அடைச்சிடலாம், அது பட்டினி கெடக்கும். வாசலே இல்லன்னா அந்த மாத்திரையால பிரயோஜனம் இல்ல. கீமோ மட்டும்தான். அம்மா ஒடம்பு நல்லாப் படுத்தும்."

வீரையனுக்கு உடனே புரிந்தது. வயலுக்குத் தண்ணீர் வருகிற மடையை அடைப்பது போன்ற காரியம். மடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அடைக்க முடியும்?

"ஆனா எனக்கு இந்த ரிப்போர்ட் ஒதைக்குது" என்றார் டாக்டர். "கட்டி சின்னது. மெதுவா வளர்ற ஜாதி. நெறிகட்டுக்குப் போகல. அம்மாவுக்கு அம்பத்தி நாலு வயசு. இந்த மாதிரி கட்டியில பெரும்பாலும் ரிசப்டார் இருக்கும். சதை கெட்டுப்போயிருந்தா, இல்ல ஃபார்மலின்ல ஒழுங்கா ஊறலன்னா, இருக்கிறதையே இல்லன்னு காட்டிடும். டெஸ்டுக்கு வெட்டுன துண்டுல பக்கத்து நல்ல சதையும் கொஞ்சம் வந்திருந்தா நானே ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லியிருப்பேன். வரல. அதனால உங்களத்தான் கேக்கணும். ஆபரேஷன் அன்னைக்கே லேபுல குடுத்துட்டீங்களா?"

"அப்பா அன்னைக்கே கொண்டு போயிட்டாங்க டாக்டர்" என்று எழில்மொழி முந்திக்கொண்டாள்.

"இங்க திங்கக்கிழமைன்னு போட்டிருக்கே?"

எழில்மொழி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்சமும் பார்த்தார். வீரையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போனேங்க. லேபு மூடியிருந்துச்சு. அப்பறம் சனி, ஞாயிறு ஆயிட்டுது."

"அதுவரைக்கும் ஃபார்மலின்லதான இருந்துச்சு? கொட்டல, கொறையல? முழுக்க முங்கியிருந்துச்சா?"

"முழுக்க முங்கியிருந்துச்சுங்க."

பொய் இல்லை. லேபில் கொடுக்கும்போது முழுக்க முங்கித்தான் இருந்தது. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீரையன் மேஜைக் காலைப் பார்த்தார்.

டாக்டர் தேதியை இன்னொரு தடவை பார்த்தார். "மூணு நாள் ஃபார்மலின்ல இருந்திருந்தா தப்பில்ல. அப்ப இதை நெகட்டிவ்னே எடுத்துக்க வேண்டியதுதான். வர்ற வியாழக்கிழமை மொதல் கீமோ ஆரம்பிச்சிடலாம்."

அந்த ஒரு வாரம் வீரையன் பட்ட பாடு சொல்லி மாளாது. மருந்து பாதி தண்ணீர் பாதி ஆனால் வேலை செய்யாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் அவர். பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. அடிக்கக் கூப்பிட்டார்கள், போனார். மூடியில் மருந்தை அளந்தார், டேங்கில் ஊற்றினார், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். கோடு கண்ணில் பட்டதும் கை நின்றுவிட்டது. வயல்காரர் வந்து, "என்ன வீரையா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற வரைக்கும் குடத்தைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைப்பார். எப்படிச் சொல்வது என்று மத்தியானம் நினைப்பார். அம்சத்துக்காக நெருப்பில் இறங்கிய மனிதர் என்று ஊர் கும்பிடுகிறது. அந்த நெருப்பில் இறங்குவதற்காக அவளுடைய சதையைத் தகரக் கொட்டகையில் வேகவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? மகள் முகத்தில் எப்படி விழிப்பது? அதோடு, சொன்னாலும் இனி என்ன பிரயோஜனம்? கெட்டது கெட்டதுதானே? கோழைக்குச் சமாதானம் கிடைப்பதற்கு எப்போதும் கஷ்டமே இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. சிவப்பு வந்தால் சொல்லிவிடுவது, வெள்ளை வந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பிரித்தார். வெள்ளை வந்தது. அம்மனே சொல்லாதே என்றுவிட்டாள். அன்று மத்தியானம் வீரையன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்சம், "என்னய்யா, இன்னைக்குப் பசி வந்திருக்கு?" என்று சிரித்துக்கொண்டே போட்டார். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் அவர் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆறாத கொப்புளத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார். ஆபரேஷன் ஆன பக்கம் கையைத் தூக்க முடியாது. வலது கையாலேயே எல்லாம் செய்தார். வீரையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அம்சத்தைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் வலது கையில் நரம்பைத் தேடினாள். நாற்று முடி பிடித்துக் காய்த்த கை, நரம்பு சீக்கிரம் கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்தி எடுத்தாகிவிட்டது. பக்கத்தில் ஸ்டாண்டில் மருந்துப் பை தொங்கியது.

"வலிக்குதாம்மா? பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்கென்ன தாயி பயம்" என்றார் அம்சம். "நீ நல்லாப் பாத்துக் குத்து. எம் புருஷன் எனக்காகப் பூக்குழி எறங்குன மனுசன். சாமியே கும்பிடாத ஆளு. காலப் பாரு, இன்னும் புண்ணு ஆறல. அப்படிப்பட்ட மனுசன் இருக்கையில எனக்கு ஒண்ணும் ஆவாது."

சொல்லும்போது அம்சத்தின் கண் நிறைந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் வீரையனை இப்படி நாலு பேர் முன்னால் மெச்சியதே கிடையாது. இதற்கு மேல் ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் தான் மனிதனே இல்லை என்று வீரையனுக்குத் தோன்றியது. வெள்ளை அரளியாவது, அம்மனாவது.

"நிறுத்து தாயி. ஊசி குத்தாத" என்றார். குரல் கிறீச்சிட்டது. "டாக்டரம்மாவக் கூப்பிடு. நான் பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் நூர்ஜஹான் வந்தார். வீரையன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் நின்றது, கொட்டகை, தகரக் கூரை, கசிந்த மருந்து, மோட்டார்த் தண்ணீர், கோடு. நடுவில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"அன்னைக்கு நான் எத்தனை தடவ கேட்டேன் உங்கள?" டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "படிச்சுப் படிச்சுக் கேட்டேனே!"

எழில்மொழி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்சம் அழவில்லை. வீரையனையே பார்த்துக்கொண்டிருந்தவர், வெகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"நீ நெருப்புல எறங்குனப்ப அது கொட்டாயிலதான் கெடந்துச்சா?"

"ஆமா."

அம்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் நர்ஸிடம் மருந்துப் பையைக் கழற்றச் சொன்னார். "அந்தச் சதையில எத்தன தடவ டெஸ்ட் செஞ்சாலும் இதேதான் வரும். அதை விட்டுடலாம். மொதமொதல்ல ஊசி போட்டுப் பாத்தீங்களே, ஃபைல்ல 'ஊசிப் பரிசோதனை'ன்னு மட்டும் எழுதியிருக்கு. மெல்லிசு ஊசியா, தடிச்ச ஊசியா?"

"தடிச்ச ஊசி டாக்டர்" என்றாள் எழில்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டக்குனு துப்பாக்கி மாதிரி சத்தம் வந்துச்சு. நூல் நூலா சதை வந்துச்சு. கும்பகோணத்துல எடுத்தது."

டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப அத மெழுகுல பதிச்சுக் கட்டியா வெச்சிருப்பாங்க. தூக்கிப் போட மாட்டாங்க. ஒழுங்கா ஊறுன சதையா இருக்கும். அது கெடச்சா அதுல டெஸ்ட் செஞ்சிடலாம். நான் போன்ல சொல்லிடறேன், யாராவது போயி வாங்கிட்டு வாங்க."

"நான் போறேன்" என்று எழில்மொழி எழுந்தாள்.

"நீ இரு" என்றார் அம்சம். கண்ணை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "கெடுத்த ஆளே போயிக் கொண்டாரட்டும்."

அறையில் இருந்த எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். மறுபடியும் இவர் கையிலா? டாக்டர்கூட ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்சம் கண்ணைத் திறக்கவில்லை. வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

கும்பகோணம் லேபில் முபாரக் என்கிற ஊழியர் இருந்தார். நோட்டில் பெயரைத் தேடி, நானூற்றுப் பன்னிரண்டு என்று எண் சொல்லிவிட்டு, இரும்பு அலமாரியின் இழுப்பறையை இழுத்தார். தீப்பெட்டியைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக மெழுகுக் கட்டிகள். எத்தனை பேரின் சதை! முபாரக்கின் விரல் எண்களின் மேல் நடந்துபோய் நின்றது. நானூற்றுப் பதினொன்று இருந்தது. அடுத்து நானூற்றுப் பதின்மூன்று. நடுவில் இடம் காலி.

"என்னங்க, காணுமா?" வீரையன் இழுப்பறைப் பக்கம் குனிந்தார்.

"இருங்க, இருங்க." முபாரக் அடுத்த இழுப்பறையை இழுத்தார். அதில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நோட்டை மறுபடி புரட்டினார். உள்ளே போய் யாரிடமோ கேட்டார். அந்தக் கால் மணி நேரத்தில் வீரையன் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் போய்விட்டால் அம்சத்தின் முன்னால் போய் நிற்பதில்லை, எங்கேயாவது கண் காணாத இடத்துக்குப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டார்.

முபாரக் ஒரு தட்டோடு வந்தார். "டாக்டர் ரெண்டாவது தடவ பாக்க எடுத்தது, மைக்ராஸ்கோப் மேசையிலயே இருந்திருக்கு. இதானுங்க உங்களது."

ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து அதைக் கொடுத்தார். மெழுகுக்குள் வெள்ளை நூல் மாதிரி நாலு கோடு தெரிந்தது. அம்சத்தின் உயிர் இதில் இருக்கிறது என்றால் நம்ப முடியவில்லை.

"இதுக்குள்ள ஏதாவது ஊத்தணுங்களா?" என்று கேட்டார் வீரையன்.

முபாரக்குக்கு டாக்டர் போனில் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணும் ஊத்தாதீங்க அண்ணே. ஒண்ணும் செய்யாதீங்க. தொறக்கவும் வேணாம். மெழுகு, அதனால வெயில்ல மட்டும் வெக்காதீங்க. அப்படியே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

பஸ்ஸில் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, "பையில காசு இருக்குங்க, நீங்களே எடுத்துக்குங்க" என்றார். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். பாபநாசம் தாண்டியதும் டயர் பஞ்சராகி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். உச்சி வெயில். நிழல் என்று பார்த்தால் ஒரு டீக்கடைக் கூரைதான். அதற்குள்ளும் அடுப்புச் சூடு. வீரையன் கூரையின் பின்பக்கம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, டப்பாவை நெஞ்சோடு அணைத்து, தன் முதுகையே வெயிலுக்குக் கொடுத்து நின்றார். முப்பத்தாறு வருடம் டேங்க் சுமந்த முதுகு, அதற்கு வெயில் புதிது இல்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றார். டீக்கடைப் பெண், "யாருய்யா அது, செவுத்துகிட்ட பேசிக்கிட்டு இருக்குறது?" என்று கேட்டாள். அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார் போலிருக்கிறது, அவருக்கே தெரியவில்லை.

நாலு மணிக்குத் தஞ்சாவூர் லேபில் மெழுகுக் கட்டியைக் கொடுத்தார். இந்தத் தடவை அவர்கள் கேட்பதற்கு முன்பே, எங்கே வாங்கினது, எப்படிக் கொண்டு வந்தது, பஸ் நின்றது எல்லாவற்றையும் சொன்னார். போதும் போதும் என்று அந்தப் பெண் கையைக் காட்டுகிற வரைக்கும் சொன்னார்.

முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த எட்டு நாளும் அம்சம் வீரையனிடம் பேசவில்லை. சோறு வைப்பார், தட்டு தரையில் பட்டு எழுகிற சத்தம்தான் அழைப்பு. எண்ணெய்க் கிண்ணம் மாடத்திலேயே இருந்தது. கொப்புளத்தை வீரையன் தானே பார்த்துக்கொண்டார். குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள், நடவுப் பெண்கள் வந்து அம்சத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "பூக்குழி எறங்குன புண்ணியம், உனக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவர்கள் சொல்லும்போது அம்சம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதுதான் வீரையனுக்கு அடியை விட அதிகமாக வலித்தது. வாய் நிறையத் திட்டினால்கூடத் தேவலை என்று ஏங்கினார்.

இதிலும் வாசல் இல்லை என்று வந்தால் என்ன செய்வது? அப்போது தண்ணீர் ஊற்றியதால் ஒன்றும் குறையவில்லை என்று ஆகும், தன் தப்பு தப்பில்லாமல் போய்விடும். அப்படியொரு நினைப்பு ஒரு நாள் அவர் மனதில் ஓடியது. ஓடிய அடுத்த நொடியே செருப்பைக் கழற்றித் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் குற்றவாளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அவளுக்கு வாசல் இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அம்மனிடம் அவருக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

ஒன்பதாம் நாள் டாக்டர் நூர்ஜஹான் மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். காகிதத்தைத் திருப்பி அவர்கள் பக்கமாக வைத்தார்.

"வாசல் இருக்கு. ஈ.ஆர். எட்டுக்கு எட்டு. இதுக்கு மேல மார்க்கே கெடையாது. பி.ஆரும் நல்லா இருக்கு. ஹெர்-டூ மட்டும் இல்ல, அது இல்லாததே நல்லது. கட்டி சின்னது, பரவல. எங்க டாக்டருங்க எல்லாரும் உக்காந்து பேசினோம். அம்மாவுக்குக் கீமோ வேணாம். மாத்திரை போதும்."

எழில்மொழி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீரையன் மட்டும் அன்றைக்கு வெள்ளைப் பூவை நம்பியிருந்தால், வேண்டாத கீமோ ஏறியிருக்கும், வேண்டிய மாத்திரை வந்தே இருக்காது. அந்த நினைப்பில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டர். "தெனம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. ஒரு நாள்கூட விடக் கூடாது. மூட்டு வலிக்கும், எலும்பு தேயும், அதுக்கெல்லாம் வந்து பாத்துக்கணும். பாதிப் பேரு ரெண்டு வருஷத்துல நல்லாத்தான இருக்கோம்னு விட்டுடுறாங்க. ஞாபகமா எடுத்துக் குடுக்க வீட்டுல ஒரு ஆளு வேணும். யாரு பொறுப்பு?"

எழில்மொழி ஏதோ சொல்லப் போனாள். அம்சம் அவள் கையை அழுத்திவிட்டு, வீரையன் பக்கம் மோவாயைக் காட்டினார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பழைய சோறு சாப்பிட்டு முடித்ததும் வீரையன் அட்டையை எடுத்துவந்தார். ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அட்டையின் பின்னால் தேதி எழுதினார். பிறகு பழக்கத்தில் கை தானாகச் சொம்பை எடுக்க, பானைப் பக்கம் திரும்பினார்.

"யோவ்" என்று அம்சத்தின் குரல் வந்தது. பத்து நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. வரப்பில் நின்று இருபத்திரண்டு பேரை இறக்குகிற அதே குரல்.

வீரையன் சொம்போடு அப்படியே நின்றார்.

அம்சம் எழுந்து வந்து, அவர் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டார். அவர் கையிலிருந்த சொம்பையும் வாங்கிக்கொண்டார்.

"மாத்திரைய மட்டும் குடு. தண்ணிய நானே ஊத்திக்கிறேன்."